பூட்டுக்காரியைத் தவிர எல்லாம்

மார்ச் 4, செவ்வாய்

கேம் செய்பவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்க ஏழு வழிகள் என்று ஒருவன் இன்று மேடையேறி இரண்டு மணி நேரம் கழுத்தறுத்தான். எட்டாவது வழியை அவன் சொல்லவில்லை. அது வாசலில் எங்களிடம் வாங்கிய நுழைவுக் கட்டணம்.

அறுபது பேர் இருந்திருப்போம். எல்லோரும் என்னைப் போலத்தான் – சம்பளம் தரும் கம்பெனியை விட்டுவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து, சொந்தமாக ஒரே ஒரு கேமைப் பல வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். வகுப்பு எடுங்கள், பிறர் கேமில் பிழை கண்டுபிடித்துக் கொடுங்கள், கடைக்காரர்களுக்கு விளம்பர கேம் செய்து கொடுங்கள், ரசிகர்களிடம் மாதச் சந்தா கேளுங்கள், உங்கள் கேமுக்காகச் செய்து வைத்திருப்பதைத் துண்டு துண்டாக விற்றுவிடுங்கள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். ஐந்தையும் நான் ஏற்கெனவே செய்கிறேன். மீதி இரண்டு என்ன? செலவைக் குறை, நம்பிக்கையை விடாதே. இதற்குப் பெயர் வழியாம்.

வாலு எழுந்து நின்று, "சார், இந்த ஏழையும் செஞ்சா கேமை எப்ப செய்யறது?" என்று கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அவன் திரையில் அடுத்த படத்தைக் காட்டப் போய்விட்டான்.

வாலு என்பது சின்ன வயதில் வைத்த பெயர். இருபத்தொன்பது வயதாகியும் என் நாத்தனாருக்கு அது கச்சிதமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் கத்துகிறவர் இல்லை. கத்தினால் தேவலை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க முழங்கால் மடங்காதவர்களை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மடக்க வைக்கிற அதே குரலில்தான் என்னிடமும் பேசுகிறார்.

"ஜூன் முடியட்டும். அதுக்குள்ள கேம் வெளிய வந்தா சந்தோஷம். இல்லேன்னா நீ பழைய ஆபீஸுக்கே போயிடு. நான் ஒருத்தன் எத்தனை முழங்காலைத்தான் பிடிக்கறது?"

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிகிறது. பில் போடும் மென்பொருள் எழுதுகிற அந்த ஆபீஸில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தேன். மேனேஜர் இன்னமும் எப்போது வருகிறீர்கள் என்று செய்தி அனுப்புகிறார். அந்த மனிதர் என் மேல் வைத்திருக்கிற நம்பிக்கையில் பாதி எனக்கே என் மேல் இல்லை.

நான்கு வருடம். பின்னறையில் இரண்டு மேஜை, ஒரு ஃபேன் – அது வாலு பக்கம்தான் திரும்பியிருக்கும், அவள் கை வியர்த்தால் கோடு கெட்டுவிடுமாம். நான் நிரல் எழுதுகிறேன். அவள் வரைகிறாள். கேமுக்குப் பெயர் 'பூட்டுக்காரி'. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்ப் பூட்டுத் திறந்து கொடுக்கிற பெண். கொண்டையில் ஒரு திருப்புளி, காலுக்குப் பெரிதான ஷூ, வேலைக்கு முன்னால் கதவில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே இருப்பவர்களின் கதை அப்படித்தான் விரியும். அவள் நடப்பதற்கும், உட்காருவதற்கும், காது வைப்பதற்கும், கொட்டாவி விடுவதற்குமாக வாலு வரைந்த படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு வருட வேலை. ஷூ தேய்கிற விதத்துக்காக மட்டும் மூன்று மாதம் என் உயிரை எடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று ஆறு மணி நேரம் ஒரு சுவரில் முட்டினேன். உண்மையாகவே. யாரோ செய்த கார்ப் பந்தய கேமில், சுவருக்குள் கார் புகுந்து போகிறதா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மோதிப் பார்க்கிற வேலை. பிழைக்கு இவ்வளவு என்று கூலி. பாவி, நன்றாகச் செய்திருக்கிறான். ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை. அடுத்தவன் ஒழுங்காக வேலை செய்தால் எனக்குக் கூலி கிடையாது. என்ன பிழைப்பு இது?

மார்ச் 14, வெள்ளி

பல் டாக்டருக்குச் செய்த கேம் முடிந்தது. அவருடைய வரவேற்பறையில் காத்திருக்கும் குழந்தைகள் பல் மேல் இருக்கிற கிருமியைத் தட்டிச் சாகடிக்க வேண்டும். நான்கு முறை திருத்தச் சொன்னார். கிருமி பயமுறுத்துகிறதாம், சிரிக்க வேண்டுமாம். சிரிக்க வைத்தேன். இப்போது சிரிக்கிற கிருமியைக் கொல்லக் குழந்தைகளுக்கு மனசு வரவில்லையாம், பாதி அழுமூஞ்சியாக்க முடியுமா என்கிறார். வாலு வரைபலகையைத் தூக்கி எறியப் போனாள். பிடுங்கி வைத்தேன். அது உடைந்தால் இன்னும் மூன்று டாக்டருக்குக் கிருமி வரைய வேண்டும்.

மாமியார் ஊரிலிருந்து போன் செய்து, பொம்மை வேலை முடிந்ததா என்று கேட்டார். முடியப் போகிறது அத்தை என்றேன். நான்கு வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

மார்ச் 15, சனி

நேற்று கோபத்தில் எழுதாமல் விட்டது. உண்மையில் குடும்பத்துக்கு உதவுகிற வருமானம் ஒன்றுதான் – கதவு மூட்டை. கேமுக்காக வாலு வரைந்த கதவுகள், படிக்கட்டுகள், விளக்குகள், என் நிரலோடு சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, கேம் செய்பவர்கள் வாங்குகிற இணையக் கடையில் போன மே மாதம் போட்டேன். வாங்கியவர் தங்கள் கேமில் அவற்றை இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். கதவை யார் கேமில் பார்த்தால் என்ன, கதவு கதவுதானே?

வாலு முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பூட்டுக்காரியைத் தவிர எல்லாவற்றையும் விற்றுக்கொள்ளலாம். "அவ மேல மட்டும் கை வெக்காதீங்க அண்ணி. அவ விக்கறதுக்கு இல்ல." சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

இன்று மட்டும் மூட்டையைப் பதினாலு பேர் வாங்கியிருக்கிறார்கள். பல் டாக்டர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

மதியம் வாலு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து நின்றாள். ஒரு விளம்பரம். பெட்டி திறக்கிற கேம். காசு கொடுத்துச் சாவி வாங்க வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்காது, இன்னொரு சாவி வாங்க வேண்டும். ஜனங்களை மொட்டையடிப்பதற்கென்றே செய்வது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாள்? எங்கள் பூட்டுக்காரி. அதே கொண்டை, அதே திருப்புளி, அதே ஷூ. கதவில் காது வைக்கிற அசைவை எடுத்துப் பெட்டியில் காது வைக்க விட்டிருக்கிறான். கீழே பெரிய எழுத்தில்: "உன் அதிர்ஷ்டம் உள்ளே கூப்பிடுகிறது."

வாலு அழவில்லை. போனை என் மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, ஷூ தேயறதுகூட இருக்கு."

திருட்டு நாய்கள். எப்படி எடுத்தார்கள்? கம்ப்யூட்டருக்குள் யாராவது புகுந்தார்களா? எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். விடமாட்டேன். விடவே மாட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வாலு எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டாள். தன் பழைய ஓவியங்கள், தேதிகள், நோட்டில் கிறுக்கிய முதல் பூட்டுக்காரி, பக்கத்திலேயே பெட்டிக் கம்பெனியின் விளம்பரம். "இரண்டு வருடம் இவளை வரைந்தேன். இரண்டு நிமிடத்தில் திருடிவிட்டார்கள்." மாலைக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கம்பெனியைக் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். படிக்கப் படிக்கக் குளிர்ச்சியாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்தான்.

யாரும் திருடவில்லை. நான்தான் விற்றிருக்கிறேன்.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் ஏதோ உறுத்தியது. வாங்குகிறவர் போல இன்னொரு கணக்கில் நுழைந்து கதவு மூட்டையை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். கதவுகள், படிக்கட்டுகள், விளக்குகள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோப்புறையில் அவள். இருநூற்றுப் பன்னிரண்டு படமும். ஒன்றுகூடக் குறையவில்லை.

எப்படி என்றும் தெரிந்துவிட்டது. மூட்டை கட்டும் கருவி, நாம் தேர்ந்தெடுக்கிற பொருளோடு அந்தப் பொருள் நம்பியிருக்கிற எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும். என் கதவு எதை நம்பியிருக்கிறது? பூட்டுக்காரி பக்கத்தில் நிற்கிறாளா என்று பார்த்துத்தான் அது திறக்கும். அந்த வரியை எழுதியவள் நான். கதவைப் பிடித்து இழுத்தால் அவளும் கூடவே வருவாள் என்று பாடம் எடுக்கிறவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை வகுப்பில் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன், கடைசியில் வரும் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுச் சரி என்று அழுத்துங்கள் என்று. நான் படிக்கவில்லை. அன்று வீட்டுக் கடன் தவணைக்கு முந்தைய நாள். அவசரம். நீளமான பட்டியல். அழுத்தினேன்.

மூட்டைக்குக் கீழே ஏதோ ஒரு மொழியில் ஒருவன் ஐந்து நட்சத்திரத்தோடு எழுதியிருந்ததை அப்போது மொழிபெயர்த்துப் பார்க்கவில்லை. ஐந்து நட்சத்திரம்தானே என்று சந்தோஷமாக நன்றி போட்டிருக்கிறேன். இன்று பார்த்தேன். "கதவு விலைக்கு முழுசாக ஒரு பெண்ணையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறான்.

பதினோரு மாதம். முந்நூற்று நாற்பது பேர். அதில் பெட்டிக்காரனும் ஒருவன். காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மூட்டையைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். வாங்கியவர்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். வாலு எனக்கு முன்னால் எழுந்து, பதில் போட்டுக்கொண்டு, "அண்ணி, ஒன்பதாயிரம் பேர்" என்று குதித்தாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கேம் வெளிவரும்போது சொல்லுங்கள் என்று பெயர் பதிந்தவர்கள் நான்கு வருடத்தில் அறுநூறு பேர். இந்த ஆறு நாளில் பதினோராயிரம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இப்போது வாயைத் திறந்தால் அத்தனை பேரும் ஓடிவிடுவார்கள். ஜூன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கேம் வந்துவிடும், பிறகு தனியாக உட்கார வைத்துச் சொல்லலாம், அவளும் புரிந்துகொள்வாள்...

யாரை ஏமாற்றுகிறாய்? இந்த நோட்டையுமா?

ஏப்ரல் 12, சனி

மேடையில் பேசிய ஏழு வழிக்காரனும் வாலுவின் பதிவைப் பகிர்ந்து, கலைஞர்களின் உரிமைக்காகத் தான் எப்போதும் குரல் கொடுப்பதாக எழுதியிருக்கிறான். துண்டு துண்டாக விற்றுவிடுங்கள் என்று சொன்ன அதே வாய். அவன் மேல் கோபப்பட்டதில் அரை மணி நேரம் எனக்கு என் ஞாபகமே வரவில்லை. அதற்காவது அவனுக்கு நன்றி.

அவர் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் தங்கையின் பதிவைக் காட்டுகிறாராம். ஒரு நோயாளி முழங்காலை மடக்கிக்கொண்டே அதைத் தன் போனிலிருந்து பகிர்ந்தாராம். சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கம்பெனியிலிருந்து வாலுவுக்கு வக்கீல் நோட்டீஸ். திருடர்கள் என்றதைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு நாள் அவகாசம். அவள் அதையும் படம் பிடித்துப் போட்டு, "பயந்தவர்கள்தான் நோட்டீஸ் அனுப்புவார்கள்" என்று எழுதிவிட்டாள்.

அதை எழுதும்போது பக்கத்தில்தான் நின்றேன். போடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மா, வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடலாமே என்றேன். "நம்ம பக்கம் உண்மை இருக்கு, வக்கீல் எதுக்கு?" என்றாள். வாய் வரைக்கும் வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன். நாளைக்குக் கண்டிப்பாக.

ஏப்ரல் 17, வியாழன்

காலை பத்து மணிக்குக் கம்பெனி ரசீதைப் போட்டுவிட்டது. மூட்டையின் பெயர், வாங்கிய தேதி, விற்றவர் இடத்தில் என் பெயர். என் பெயர் மட்டும். அந்தக் கடையில் ஒரு கணக்குக்கு ஒரு பெயர்தான் போட முடியும். கூடவே மூட்டைக்குள் இருப்பவற்றின் பட்டியல், பூட்டுக்காரி இருக்கிற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

வாலு அதை நின்றபடியே படித்தாள். ஒருமுறை. பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை. கம்பெனி பொய் ரசீது தயாரித்திருக்கிறது என்றுதான் முதலில் சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

எப்போது தெரியும் என்று கேட்டாள். ஆறாம் தேதி என்றேன். அவசரத்தில் நடந்தது, பட்டியலைப் பார்க்கவில்லை, கருவி தானாக இழுத்துக்கொண்டது, கதவில் இருக்கிற அந்த ஒரு வரி என்று என்னென்னவோ உளறினேன். அவளுக்கு அதெல்லாம் என்னைவிட நன்றாகப் புரியும். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தப்பு நடந்ததுக்கு இல்ல அண்ணி. அது யாருக்கும் நடக்கும். பதினோரு நாள் நான் ஊரெல்லாம் திருடன் திருடன்னு கத்திட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு டீ குடுத்தீங்க. அதுக்குத்தான்."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக.

ஏப்ரல் 18, வெள்ளி

இணையம் முழுக்க இதே பேச்சு, விற்றுவிட்டுத் திருடன் என்று கூவுகிற விளம்பரப் பைத்தியங்களாம். என்னைச் சொன்னால் பரவாயில்லை. அவளைத்தான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதிப் போட்டேன். தவறு என்னுடையது, மூட்டை கட்டியது நான், மறைத்தது நான், என் நாத்தனாருக்கு எதுவும் தெரியாது, கம்பெனி திருடவில்லை. ஐந்து வரி. அந்த ஐந்து வரியைப் பதினாலு நாள் முன்னால் எழுதியிருந்தால்! பெயர் பதிந்த பதினோராயிரம் பேரில் பாதிக்கு மேல் போயாயிற்று. போகட்டும். தண்டமாகக் கூடிய கூட்டம், தண்டமாகவே கலைந்தது.

அவர் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று பேசினார். "அவ சின்னப் பிள்ளையில எதைக் கேட்டாலும் குடுத்துடுவா. கேட்டா போதும். நீ கேட்டிருக்கலாம், இல்ல சொல்லியாவது இருக்கலாம்."

தவணை கட்ட என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மே 2, வெள்ளி

இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? பெட்டிக் கம்பெனி வாலுவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. பூட்டுக்காரியின் புதிய படங்கள் வேண்டுமாம், அவளை வரைந்தவரே வரைந்தால் நல்லதாம். மாதச் சம்பளம், தங்க இடம். அந்த ஊருக்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். இவள் சரி என்று சொல்லிவிட்டாள்!

பெட்டியைக் காட்டிக் காசு பிடுங்குகிறவனிடமா போகிறாய், போன மாதம் நீயே அவனைக் காறித் துப்பினாயே, மானம் இல்லையா என்று கேட்டேன். மேஜையிலிருந்து பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"காறித் துப்பினது தப்புன்னுதான் தெரிஞ்சு போச்சே. அவங்க காசு குடுத்து வாங்கினாங்க. இப்ப கேட்டுட்டும் வாங்கறாங்க. இந்த வீட்டுல யாரு என்னைக் கேட்டா அண்ணி?"

கீழே விழுந்த ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தேன்.

கதவு, படிக்கட்டு, விளக்கு எல்லாவற்றையும் கேமுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். பூட்டுக்காரியை மட்டும் எடுத்துக்கொண்டாள். சட்டப்படி முந்நூற்று நாற்பது பேர் அவளை வைத்துக்கொள்ளலாம். நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. சரி என்றேன். ஃபேன் இன்னமும் அவள் மேஜைப் பக்கம்தான் சுற்றுகிறது. திருப்ப மனசு வரவில்லை.

மே 19, திங்கள்

பூட்டுக்காரி இல்லாமல் பூட்டுக்காரி. ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆடுகிறவர்தான் அவள் என்று மாற்றிவிட்டேன். கதவு மட்டும் தெரியும், கிட்டே போனால் உள்ளே பேசுவது கேட்கும். நான்கு வருட வேலையை ஆறு வாரத்தில் வெட்டி ஒட்டுகிறேன். முதல் வேலையாகக் கதவிலிருந்த அந்த வரியை அழித்தேன். ஒரு நொடி. இவ்வளவு சுலபமாகப் போவதை அன்றே செய்திருந்தால் மூட்டைக்குள் அவள் போயிருக்கவே மாட்டாள். கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை. புதுசு வாங்கக் காசில்லை.

ஜூன் 28, சனி

கேம் வெளியே வந்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்

அறுபத்தொரு பேர் வாங்கியிருக்கிறார்கள். கதவுகள் அழகு என்கிறார்கள். மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "அந்தப் பெண் எங்கே?" ஒருவன், பெட்டி கேமில் வருகிற பெண்ணைப் பார்த்துக் காப்பியடிக்கப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். அடப்பாவி. பதில் எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். கடைசியில் விளையாடியதற்கு நன்றி என்று போட்டேன்.

செய்தவர்கள் பட்டியலில் வாலுவின் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். இந்த முறை அவளைக் கேட்டுவிட்டு. "போடுங்க" என்று ஒரே வார்த்தை அனுப்பினாள்.

அறுபத்தொரு பேர் காசு தவணைக்குப் போதாது, நாளை ஆபீஸ். அவர் என் பழைய கைப்பையைத் தேடித் துடைத்து வைத்திருக்கிறார். அந்த நல்லதனத்தையும் தாங்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மேனேஜர் என்னை எல்லோருக்கும் "கேம் எல்லாம் செய்தவர்" என்று அறிமுகம் செய்கிறார். போலீஸில் பிடிபட்டுத் திரும்பியவளைச் சொல்வது போல இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

வாலு அவரிடம் வாராவாரம் பேசுகிறாள். அவர் போனை என் பக்கம் நீட்டும்போது வேலை இருக்கிறது என்று எழுந்து போகிறேன். அவளும் அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று அவரிடம்தான் கேட்கிறாளாம். நேராக என்னைக் கேட்டால் என்ன, நாக்கு சுட்டுவிடுமா? நான் கேட்டால் என்ன?

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது பக்கத்து இருக்கை அக்கவுண்டன்ட் போனில் பெட்டி கேம் ஆடிக்கொண்டிருந்தார். நான் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்று அவராகவே போனை நீட்டினார். "மேடம், புதுசா ஒரு கடைக்காரி வந்திருக்கா. அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கா, பாருங்களேன்."

பார்த்தேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறாள். ஒரு தோள் கொஞ்சம் உயரம். பேனா மூடியைக் கடிக்கிறாள். சாவி கேட்டால், முன்னால் இருப்பதையெல்லாம் பார்க்காமலே அள்ளி மூட்டையாகக் கட்டுகிறாள், கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில். முடிச்சுப் போட்டதும் ஒரு பெருமூச்சு. தலைக்கு மேலே பலகை: "எல்லாம் விற்பனைக்கு."

உடம்பெல்லாம் எரிந்தது. என் பேனா மூடி. என் தோள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? அரை மணி நேரம் கழிப்பறையில் நின்று திரும்பத் திரும்ப ஆடினேன். ஆமாம், அந்தப் பாழாய்ப்போன கேமை நானும் என் போனில் இறக்கினேன். மற்ற எல்லா ஆட்களையும் சாவி வாங்கித்தான் திறக்க வேண்டும். கடைக்காரியை மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள்.

அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெருமூச்சு இருக்கிறதே, அதை நான் விடுவேன் என்று எனக்கே தெரியாது. அவள் இத்தனை வருடம் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறாள். அவள் வரைந்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. பூட்டுக்காரியைவிட.

வீட்டுக்கு வந்ததும் செய்தி அனுப்பினேன். என்னைக் கேட்காமல் என்னைப் போட்டதற்கு வழக்குப் போடப் போகிறேன், மூக்கு வேறு இரண்டு மடங்கு பெரிசாக இருக்கிறது என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "மூக்கு அளந்துதான் போட்டேன். வழக்குப் போடுங்க அண்ணி. கோர்ட்டுக்கு நேர்ல வந்துதானே ஆகணும், அங்கயாவது உங்களைப் பாக்கலாம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன்.